பரவைக் கரையில் சொன்ன ஓம்

கொழும்புத்துறை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ரேச்சலுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். மனதளவில் அம்மா சுகம், நான் இல்லை. ஒஸ்லோக் குளிர் உன்னையும் கோபிசங்கரையும் அளவோடு வாட்டட்டும் என்று ஆண்டவரை வேண்டுகிறோம்.

போனில் கதைக்காமல் இந்த மனிசன் ஏன் தாளை எடுத்தது என்று யோசிப்பாய். வீடியோவில் வந்தால் பகிடி விட்டு நழுவிவிடுவேன். ஓ.எல். சோதனை தாண்டாவிட்டாலும் நழுவுவதில் நான் பட்டம் வாங்கியவன் என்று அம்மா சொல்லுவா. எழுத்தில் நழுவினால் நீ திருப்பி வாசித்துப் பிடித்துவிடுவாய். எழுதி முடித்ததும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

நீ சொன்னபடியே செவ்வாய்க்கிழமை காலமை கோபியின் அப்பா தம்பிராசா அண்ணையைச் சந்தித்தேன். முதல் சந்திப்பு எங்கள் வீட்டிலும் வேண்டாம், சுன்னாகத்தில் அவர்கள் வீட்டிலும் வேண்டாம், பரவைக் கடலோரம் புதிதாகப் போட்ட நடைபாதையில் குருவி பார்த்துக்கொண்டு நடவுங்கோ என்றாயே, நல்ல மூளை. வீடு என்றால் சுவரில் யார் படம், எந்தக் கோப்பையில் தேத்தண்ணி என்று கண் போகும். சேர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டுப் பெட்டையை மகன் கட்டுவதோ என்று யோசிக்கிற மனிதருக்குக் கொக்குக்குச் சமயம் இல்லாதது பெரிய வசதி.

நடை சுகமான நடை. மேடு பள்ளம் இல்லை, கிரவல் போட்ட பாதை. ஒரு பக்கம் கண்டல் பற்றை, மற்றப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது, முன்னால் பூநாரைகள் அதைக் காதில் வாங்காமல் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன. தம்பிராசா அண்ணை வெங்காயத் தோட்டக்காரர், குருவி என்றால் விதை கிளறுகிற சனியன் என்றுதான் அவருக்குத் தெரியும். எனக்கும் நாரை எது, கொக்கு எது என்பது அறிவிப்புப் பலகை சொன்னால்தான் தெரியும். நீ அனுப்பிய பைனாக்குலரை மாறி மாறிக் கண்ணில் வைத்தோம். கரண்டிவாயனைக் கண்டதும் அவர், “உவர் சமையல்காரர் போலை, அகப்பையோடை நிக்கிறார்” என்றார். நான் சிரித்த சிரிப்பில் அது பறந்தே போய்விட்டது. “உங்களோடை வந்தால் குருவியின்ரை முதுகைத்தான் பாக்கலாம், அண்ணை” என்றார். நானும் அவரை அண்ணை என்கிறேன், அவரும் என்னை அண்ணை என்கிறார். யார் மூப்பு என்று இன்னும் முடிவாகவில்லை.

இனித்தான் விசயம். அவர் பிறவிச் சைவம், முட்டை கூடத் தொடாதவர் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். அம்மா விடிய எழும்பிப் புதுச் சட்டியில் அவருக்கென்று உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்துப் பற்றிஸ் பொரித்தா. எனக்கு வழக்கமான மீன் பற்றிஸ். இரண்டையும் பொதி பண்ணி மேசையில் வைத்து, “உது அவருக்கு, இது உங்களுக்கு” என்று படித்துப் படித்துச் சொன்னா. நான் பைனாக்குலர் வாரைத் தேடி மேசையைச் சுற்றிப்போய், எதிர்ப்பக்கம் நின்று பொதிகளை எடுத்தேன். சுற்றினால் உது இதுவாகும், இது உதுவாகும் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

பாதை முடிகிற இடத்து மர வாங்கில் குந்தி இருந்து சாப்பிட்டோம். என்னுடையதைக் கடித்தேன். கிழங்கு. திரும்பிப் பார்க்கிறேன், அவர் ஒன்றை முடித்து இரண்டாவதில் பாதியில் நிற்கிறார். கரை முழுக்கச் சேறும் மீனும் மணக்கிற நேரம், மணத்தில் பிடிக்கவும் வழி இல்லை. அவர் ரசித்து மென்றபடி, “நல்ல ருசி. உள்ளுக்கை என்ன, சோயாமீற்றோ?” என்று கேட்டார்.

நான் “ஓம்” என்றேன்.

அவ்வளவுதான், பிள்ளை. அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் விளக்கேற்றுவார்கள். அதே சொல்லால் நான் அவர் வாய்க்குள் மீனை வைத்தேன்.

கை மாறினது பிழைதான். அந்த நேரமே சொல்லியிருந்தால் பொறுத்திருப்பார். ஆனால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னதைக் கேள். “பெட்டையிலை எனக்கு ஒரு குறையும் இல்லை, நோர்மன் அண்ணை. எங்கடை சாப்பாட்டு வழக்கத்தை மதிப்பியளோ எண்டதுதான் பயம். என்ரை மனிசி, உங்கடை வீட்டிலை பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன் எண்டு நிக்கிறாள். நான் போய்ச் சொல்லுறன், எங்களுக்கெண்டு யோசிச்சுச் செய்த சாப்பாட்டைத் திண்டிட்டு வாறன் எண்டு. கலியாணத்துக்கு நாள் பாப்பம்.”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அண்ணை, அங்கை பாருங்கோ, கூழைக்கடா!” என்று தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டினேன். கூழைக்கடாவும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்டலில் ஒரு வெள்ளைப் பொலித்தீன் பை சிக்கிக் கிடந்தது. பாவம், அவர் பைனாக்குலரைத் திருப்பித் திருப்பிக் கனநேரம் தேடினார். கடைசியில் என் மனம் நோகக் கூடாதென்று, “ஓமோம், கண்டன். வடிவான குருவி” என்றார்.

அந்த ஓமையும் என் ஓமையும் பக்கத்தில் வைத்துப் பார். நான் இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ஏசுவா என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மிச்சக் கிழங்குப் பற்றிஸை எடுத்துக் கோழிக்குப் போட்டா. பின்னேரம் கோபியின் அம்மா ஞானாம்பிகை போன் எடுத்தா, நாங்கள் அறிய முதல் தடவையாக. அந்தச் சோயாமீற் பற்றிஸ் எப்படிச் செய்கிறது, வாற சனிக்கிழமை கோயில் ஆட்களுக்கும் செய்து கொடுக்கப் போகிறேன் என்று கேட்டாவாம். அம்மா, அடுப்பில் வேலை, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டா. வைத்துவிட்டு என்னிடம், “உங்கடை வாயாலை சொன்னதுக்கு என்ரை கையாலை பக்குவம் எழுதித் தரமாட்டன்” என்றா. அதற்குப் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் நான் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன். தண்ணீர் அள்ளி அள்ளி வாழைகள் எல்லாம் வெள்ளத்தில் நிற்கின்றன.

நாளைக் காலமை சுன்னாகத்துக்குப் போகிறேன். அவர் முன்னால் நின்று, அது மீன், எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை என்று சொல்லப்போகிறேன். சொல்லாமல் விட்டால் உன் கலியாணம் நடக்கும். அந்த அம்மா எங்கள் வீட்டிலும் சாப்பிடுவா. ஒவ்வொரு முறையும் அவ வாய் திறக்கிறபோது நான் இல்லாத கூழைக்கடாவைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு முடியாது. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்துத்தான் உன் பெயரை எழுதுகிறபோதும் கை கூசுகிறது.

கோபியிடம் நீ முந்திச் சொல்லாதே. அவர் அப்பா முதலில் என் வாயால் கேட்க வேண்டும். கதவைச் சாத்தினால் என் முகத்தில் சாத்துங்கோ, பெட்டைக்குத் திறந்து வையுங்கோ என்று கேட்பேன். காலில் விழச் சொன்னாலும் விழுவேன், எழும்பத்தான் ஆள் வேண்டும்.

ஆண்டவர் உன்னையும் அந்தப் பிள்ளையையும் சேர்த்தே காக்கட்டும். இதை வாசித்ததும் அப்பாவுக்கு இரண்டு வரி போடு. ஏசி எழுதினாலும் பரவாயில்லை. ஓம் என்று மட்டும் எழுதாதே, மகள்.

இப்படிக்கு,
உன் முகத்தைப் பார்க்க வெட்கப்படும்
அப்பா நோர்மன்