ரெண்டு பீப் சத்தத்துக்கு அப்புறம்

என் வெண்ணிலாக்காவுக்கு,

நடந்துடுச்சுக்கா! பார்வை போன நம்ம கணியம்பாடி சம்பத் அண்ணன், பக்கத்துல யாரும் இல்லாம, உன் குரலை மட்டும் துணைக்கு வெச்சுக்கிட்டு, ஒரு லேப்டாப்புல முழு லினக்ஸையும் தன் கையாலேயே போட்டு முடிச்சிட்டார்!

நீ உயிரோடு இருந்திருந்தால் இதை முதலில் உனக்குத்தான் போனில் கத்தியிருப்பேன். இப்போது எங்கே கத்துவது? அதனால் நம் கம்ப்யூட்டர் குழுவில் எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், கோச்சுக்காதே.

உனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஊர், ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக்கு உள்ளே. போனைப் பேசவைத்துப் பேசவைத்தே கம்ப்யூட்டர் கற்றவள் நீ. நான் மலையடிவாரத்துப் படவேட்டுக்காரன், வீடியோ பார்த்துக் கற்றவன். குழுவில் நான் விண்டோஸ் வேண்டாம், இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ், லினக்ஸ் என்று குதிக்கும்போதெல்லாம் "இன்னாடா, சாமி வந்த மாதிரி ஆடுற" என்று குரல் பதிவு போடுவாய்.

நான் போடுகிற அந்த லினக்ஸை இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்ததும் ரெண்டு தடவை பீப் அடிக்கும். எத்தனையோ மெஷினில் கேட்டிருக்கிறேன், எதற்கென்று யோசித்ததே இல்லை. நீதான் சொன்னாய்: "அந்த சத்தம் உங்களுக்கு இல்லடா, எங்களுக்கு. அப்ப எஸ்ங்கற எழுத்த தட்டி என்டர் தட்டுனா, ஸ்கிரீன்ல இருக்கறத எல்லாம் வாய் விட்டுப் படிக்கும்." எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம் அந்த நாள். ஜமுனாமரத்தூரில் உன் மாமா கடையில் உட்கார்ந்தோம். உன் பழைய லேப்டாப், லினக்ஸ் ஏற்றிய என் பென்டிரைவ். யார் உதவியும் இல்லாமல் போட்டு, அதைப் பதிவு செய்து, பார்வை இல்லாத எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்பது உன் ஆசை. பதிவு என்னிடம் இருக்கிறது. "நான் வெண்ணிலா பேசறேன். இப்ப ஆன் பண்றேன்" என்கிறாய். பீப், பீப். "கேட்டீங்களா? எஸ். என்டர்." இங்கிலீஷில் ஒரு கரகரத்த குரல் தொடங்குகிறது. "வந்துட்டார்யா, மூக்கடைச்ச வாத்தியார்!" என்று சிரிக்கிறாய்.

வாத்தியார் ஒவ்வொரு கேள்வியாகப் படிக்க, நீ நம்பரைத் தட்டிக்கொண்டே போகிறாய். லினக்ஸுக்கு இடம் ஒதுக்க டிஸ்க்கைப் பிரிக்கிற கட்டம் வந்தது. "இங்கதான் பயம். தப்பு நம்பர் போட்டா எல்லாம் அழிஞ்சிடும். அதனால நான் ரெண்டு தடவ கேக்கறேன்" என்கிறாய்.

அடுத்து என் குரல். "குடுக்கா, நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள உங்க ஊரு ஜீப் போய்டும். நான் கால் மணி நேரத்துல போட்டுத் தர்றேன்."

"வேணாண்டா, நானே..."

அதோடு பதிவு முடிகிறது.

நான் மெஷினை அணைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். பீப் அடித்தது. எஸ் தட்டவில்லை. மவுஸை எடுத்துக் கடகடவென்று போனேன். பழைய மெஷின், லேசாக ஓடட்டும் என்று தேவையில்லாததை எல்லாம் நீக்கினேன். திரையைப் படித்துக் காட்டுகிற மென்பொருளும் அதில் போய்விட்டது. அது உனக்குக் கண் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. "பறக்குதுக்கா!" என்று பெருமையாகக் கையில் கொடுத்து ஜீப் ஏற்றிவிட்டேன். பென்டிரைவ் என் பாக்கெட்டிலேயே இருந்தது.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வந்து கூப்பிட்டாய்.

"டேய், வாயில்லாத பொட்டிய குடுத்து அனுப்பிட்டியேடா. வூட்டுக்கு வந்து ஆன் பண்ணா மூச்சு பேச்சே இல்ல."

"ஐயோ அக்கா! வர்ற வாரம் வர்றேன், ஒரே தட்டுல சரி பண்ணிடலாம்."

"வா. ஆனா நீ தொடாத. பென்டிரைவ மட்டும் குடு, நான் பண்ணிக்கறேன்."

அந்த வாரம் மழை. அடுத்த வாரம் புது வெர்ஷன் வந்தது, அதை நோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஜீப் பிடித்துக் கீழே கொண்டுவருவதற்குள் நீ இல்லை. கடைசி நாட்களில் அந்த மெஷினை எத்தனை தடவை ஆன் பண்ணிப் பார்த்தாய்? உன் அம்மாவைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

பாதியில் நின்ற பதிவைக் குழுவில் போட்டேன். சம்பத் அண்ணன் அதைப் போட்டுக் கேட்டார். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர், சர்க்கரை நோயில் பார்வை போய் ஷட்டரை இழுத்துவிட்டவர். உடனே போன். "தம்பி, டிஸ்க்கு பிரிக்கறதுக்கு அப்பறம் இன்னா பண்ணணும்? பொண்ணு சொல்லவே இல்லியே?"

"நான் சொல்லி அனுப்புறேன்ணே."

"நீ ஒண்ணும் சொல்லாத. உன்னாலதான் அது நின்னுபோச்சு. பென்டிரைவ மட்டும் கொண்டாந்து குடுத்துட்டுப் போ."

கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு முதல் தடவை தப்பு நம்பர். ரெண்டாவது தடவை நடுவில் கரண்ட் போனது. மூணாவது தடவை, எல்லாம் போட்டு முடிந்து மெஷின் தானாக மறுபடி ஆன் ஆனதும், மூக்கடைச்ச வாத்தியார் பேசினாராம். எஸ் தட்டிப் போட்டால் போட்ட பிறகும் அது பேசும் அக்கா. உனக்கும் பேசியிருக்கும்.

நீ விட்ட இடத்திலிருந்து மீதியை அவர் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்துவிட்டார். ரெண்டையும் நான் ஒட்டினேன். நடுவில் "குடுக்கா" என்கிற என் குரலை வெட்டட்டுமா என்று அவரைக் கேட்டேன்.

"வெட்டாத. கண்ணு தெரியறவனும் இத கேக்கணும் இல்ல?"

வெட்டவில்லை.

உன் லேப்டாப் இன்னும் உன் வூட்டில், பேசாமல்தான் கிடக்கிறது. அம்மா என்னை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். வர்ற ஞாயிறு காலை கணியம்பாடியில் சம்பத் அண்ணன் கடையின் ஷட்டர் திறக்கிறது. உன் மெஷினில் அவர் போடுவார், உன் குரல் வழி சொல்லும். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, என் கை ரெண்டும் என் மடியிலேயே இருக்கும். எவ்வளவு நேரமானாலும், எந்த ஜீப் போனாலும்.

படிக்கிறவர்களே, பழைய லேப்டாப் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பார்வை இல்லாத ஒருவருக்காவது இந்தப் பதிவை அனுப்புங்கள். கூடவே, அவருக்கு உதவி செய்கிறேன் என்று கீபோர்டைப் பிடுங்குகிறவருக்கும் அனுப்புங்கள். என் குரல் வருகிற இடத்தைத் தள்ளி ஓட்டிவிடாமல் கேட்கச் சொல்லுங்கள்.

பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுக்காத
உன் தம்பி