நிழலில்லாத மல்லாட்டை

ஜூன் 8, 2025. திண்டிவனம்
இந்தியாவுக்கென்று ஓர் ஓவியப் பாணி இன்னும் அமையவில்லையாம். தென்னரசு கண்டுபிடிக்கப் போகிறார். விழுப்புரத்தில் எங்கள் ஓவியர் குழுவுக்கு அவர்தான் தலைவர். இன்றைய கூட்டத்தில் சுக்குக் காபி மட்டும்தான், டீ அந்நியமாம். டெல்லிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு படம் அனுப்ப வேண்டும். வருடக்கணக்கில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழம் போடக் கற்றுக்கொடுக்கிற எனக்கு டெல்லியில் ஒரு சுவர் வேண்டும். வேண்டுமென்றால் வேண்டும்.

ஜூன் 11
என் மனைவி ஞானமேரி ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கிற படத்தை முடித்துவிட்டேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அவளுக்கு இடது கண் கொஞ்சம் சின்னது. அப்படியே வந்திருக்கிறது! என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜூன் 15
தென்னரசு வந்து பார்த்தார். முகம் சுளித்தார். “ஆண்டோ, நெழலு வெள்ளைக்காரன் சரக்கு. நம்மாளு எவன் நெழலு போட்டான்? கண்ணும் செட்டாவல. பனமலைக்கு வந்து பாரு.”

ஜூன் 22
பனமலை போனோம். குன்றின்மேல் பல்லவர் கோயில். சுவரில் மிச்சமிருக்கும் அம்மன் ஓவியத்தைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் எங்கள் ஆட்கள் செல்போனை நீட்டி அவள் கண்ணின் நீளத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவளை வரைந்தவனிடம் யார் போய்க் கண்ணை நீட்டச் சொன்னார்கள்?
வெளியே வெயில் பொசுக்கியது. நிழலை ஒழித்த மகான்கள் அத்தனை பேரும் சுவரோரம் கிடந்த ஒரு முழ நிழலுக்கு இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தோம். நானும்தான்.

ஜூன் 27
நிழலை அழித்தேன். கண்ணை நீட்டினேன். இரண்டையும், சமமாக. — ச்சீ, இன்னா பண்ணிக்கினு இருக்கேன் நான்?

ஆகஸ்ட் 19
டெல்லிக்கு அனுப்பிய படம் தேர்வாகிவிட்டது! மற்றவர்களின் நீள்கண் அம்மன்களெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். என்னுடையதுதான் ‘மண்ணின் பாணி’யாம். தென்னரசு போனில் எல்லோருக்கும் உத்தரவு போட்டிருக்கிறார்: “இனிமே மல்லாட்டை போடுங்கப்பா. அதான் மேட்டரு.” வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆகஸ்ட் 24
பேப்பரில் படம் வந்திருக்கிறது. ஞானமேரி ரொம்ப நேரம் பார்த்தாள்.
“யாருங்க இவ?”
நீதான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.
“என் சின்னக் கண்ணு உங்களுக்கு அசிங்கமா இருந்துச்சா?”
மரபு, பாணி, பல்லவர் என்று என்னென்னவோ சொன்னேன். தென்னரசு பேசுகிற மாதிரியே இருந்தது. அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேப்பை மாவு பிசையப் போனாள். எனக்கு அழுகை வந்தது.

செப்டம்பர் 3
டெல்லிக்குப் போகவில்லை. சுவர் அங்கேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 7
கெஞ்சிக் கூத்தாடி அவளை மறுபடி ஜன்னலோரம் உட்காரவைத்தேன். நிழல் ஒழுங்காக வந்துவிட்டது. இடது கண்தான், அழித்து அழித்துப் போட்டாலும், நீண்டுகொண்டே போகிறது.
“இதுவும் டெல்லிக்காங்க?”
“இல்ல. நம்ம ஊட்டுக்கு.”
“அப்ப நிதானமா போடுங்க” என்று இன்னொரு கைப்பிடி மல்லாட்டையை மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டாள்.