பட்டறைக் குழியும் நடுக்கிணறும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா?

வண்டிப் பட்டறையை மூடி ஒரு வருடம் ஆகிறது. இப்போது எனக்கு வேலை கிருமி மேய்ப்பது. சிரிக்காதே. மண் பரிசோதிக்க ஒரு பெண் வந்தாள். எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கிறதாம். காற்றும் ஈரமும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் பெருகுமாம். பழைய ஆயிலை ஊற்றி வந்த குழியைத் தோண்டி, கறுத்த மண்ணைப் பரப்பி, வாரம் இருமுறை கிளறித் தண்ணீர் தெளிக்கிறேன். மேலே புல் விதைத்தோம். வேரைச் சுற்றி அந்தக் கிருமிகள் இன்னும் செழிக்குமாம். முதல் விதைப்பு முளைக்கவே இல்லை. அடுத்தது மஞ்சளாக வந்து கருகியது. மூன்றாவது கணுக்கால் உயரம் நிற்கிறது. போன வாரம் ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தேன். வெறும் மண் வாசனை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்பா கிணறு வெட்டிய கோடை நினைவிருக்கிறதா? முதல் ஊற்று வந்ததும் அந்தக் கலங்கல் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இனிக்குதுண்ணா!" என்று கத்தினாய். எனக்கு அரைச் செம்பு மிச்சம் வைத்தாய். அந்த மாதிரித் தண்ணீரை நான் பிறகு குடித்ததில்லை.

அதே கிணற்றிலிருந்து ஒருநாள் நீ செம்போடு பட்டறைக்கு வந்தாய். "குடிச்சுப் பாருண்ணா, டீசல் நாத்தம் அடிக்குது." எண்ணெய் மிதக்கும், கீழே இறங்காது என்று வண்டிக்காரர்கள் முன்னால் உன்னைப் பைத்தியக்காரி ஆக்கினேன். குடித்துப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனீர்கள்.

அந்தப் பெண் கிணற்றையும் சோதித்தாள். எண்ணெய் இறங்கியிருக்கிறது. உன் கொல்லைக்கு அடியிலும் போயிருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டாள். "என் தங்கச்சிக்கு ஒம்பது வருஷம் முன்னாடியே தெரியும்" என்றேன்.

உன் பக்கமும் குழாய் இறக்கிக் காற்றுச் செலுத்தி, ஆழமாக வேர் விடும் மரங்கள் நடவேண்டுமாம். கிணற்றுத் தண்ணீர் குளிக்க உதவ இரண்டு வருடம், குடிக்க அதற்கும் மேல் ஆகும் என்கிறாள். உன் இடத்தில் வேலை தொடங்க உன் கையெழுத்து வேண்டும். தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். தபாலில் திருப்பி அனுப்பினாலே போதும் என்றாள். நான்தான், என் தங்கச்சி இடத்தை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் பேச்சைப் பொய்யாக்கிவிடாதே, தாயே. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்