பூட்டு கேட்டவனுக்கு

உன் மடிக்கணினி இப்போது என் மேசை மேல் இருக்கிறது. "உள்ள இருக்கிற போட்டோவையெல்லாம் எடுத்துக் குடுங்கண்ணே" என்று உன் மனைவி போன வாரம் விழுப்புரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். திறந்து பார்த்தால், விரலால் தடவும் சதுரத்தின் மேல் நீ வெட்டி ஒட்டிய கல்யாணப் பத்திரிகை அட்டை அப்படியே இருக்கிறது. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

கிளியனூர் கோயில் திருவிழா ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கணினியில் இருக்கும் சின்தசைசர் மென்பொருளை நம்பி நீ வாசித்த முதல் கச்சேரி. கீபோர்டில் கட்டையை அழுத்துவது நீ, குழலோ வயலினோ ஓசை கொடுப்பது கணினி. பக்கத்தில் நான் ரிதம் பேட் வாசித்தேன். பாடகி தாலாட்டு ஒன்றை உருகி உருகிப் பாட, நீ குழல் ஓசையில் இழைந்துகொண்டிருந்தாய். உன் மணிக்கட்டு அந்தச் சதுரத்தில் பட்டதுதான் தாமதம், ஓசைப் பட்டியல் எங்கோ தாவி, குழந்தை தூங்க வேண்டிய இடத்தில் ஹெலிகாப்டர் பறந்தது. ஊரே சிரித்தது, நீயும் சிரித்தாய். ஆனால் திரும்பி வரும்போது வேனிலேயே ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டி அந்தச் சதுரத்தை மூடி ஒட்டினாய்.

மறுநாள் திண்டிவனத்தில் என் பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்தாய். "இத செஞ்சவங்களுக்கு மெயில் போடுடா. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல அடி" என்றாய்.

"குமிழ் மாதிரி படம் போட்டு வச்சிக்கினு, மேலயும் கீழயும் இழுக்கச் சொல்றான். குமிழுன்னா திருப்பணும் இல்ல? அப்புறம், குழல்லேர்ந்து ஷெனாய்க்குப் போனா சத்தம் எகிறுது. ஒரே அளவுல வைக்கச் சொல்லு. முன்னாடி ஓசை அடங்கறதுக்குள்ள புதுசு வந்து அத வெட்டுது, அதையும் எழுது."

கடைசியில் குரலை இறக்கிக்கொண்டாய். "ஒரு பூட்டு வைக்கச் சொல்லுடா. மேடை ஏறிட்டா எது பட்டாலும் மாறக் கூடாது. பேஜாரா பூடுது."

எல்லாவற்றையும் அடித்தேன். "அனுப்பிட்டியா?" என்றாய். "அனுப்பிட்டேன்" என்றேன்.

அனுப்பவில்லை. இதைச் சொல்லத்தான் இந்த மடலே. என் ஆங்கிலத்தை நினைத்துக் கூசினேன். எங்கோ வெளிநாட்டில் இருப்பவர்கள் ஹெலிகாப்டர் கதையைப் படித்துவிட்டு நம்மைக் கேலி செய்வார்கள் என்று பட்டது. திருத்திவிட்டு அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன், வைத்ததோடு சரி.

ஒரு வருடம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. திரையின் மூலையில் சின்னதாக ஒரு பூட்டு. "பாத்தியாடா! நாம சொன்னத கேட்டுட்டாங்க!" என்று கடைக்குள் ஓடிவந்தாய். குழுவில் ஒருவரையும் விடாமல் போன் போட்டுச் சொன்னாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி உண்மையைச் சொல்வேன்? அதன் பிறகு ஒவ்வொரு மேடையிலும் பூட்டை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவாய். இப்போதெல்லாம் முதல் பாட்டுக்கு முன் என் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். நன்றாகத்தான் வாசிக்கிறான், பாவம். எனக்குத்தான் உன்னைத் தேடுகிறது.

"மீதியும் வரும்டா, அவங்களுக்கு ஆயிரம் வேல இருக்கும்" என்று ஒவ்வொரு பதிப்பிலும் அந்தக் குமிழைத் திருப்பிப் பார்ப்பாய். அனுப்பாத கடிதத்துக்குப் பதில் எதிர்பார்த்தே போன ஐப்பசியில் போய்விட்டாய். அதுதான் எனக்கு ஆறவேயில்லை.

உன் கணினி வந்த அன்றே அந்த மெயிலைத் தேடி எடுத்தேன். பூட்டு கேட்ட வரியை மட்டும் நீக்கிவிட்டு, ஹெலிகாப்டர் உட்பட எல்லாவற்றையும் என் ஓட்டை ஆங்கிலத்திலேயே, உன் பெயரில் அனுப்பிவிட்டேன்.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. யாரும் கேலி செய்யவில்லை. உன் பெயரைச் சொல்லி அழைத்து, மேடையில் வாசிப்பவர் சொன்னால்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள். ஓசை வெட்டுப்படுவதைச் சரிசெய்து ஒரு பதிப்பு தயாராக வைத்திருக்கிறார்களாம். வெளியிடும் முன் நீ வாசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். உனக்கு எப்போது வசதிப்படும் என்று கேட்கிறார்கள்.

இந்த முறை ஆங்கிலத்துக்காகக் கூசவில்லை. ஒரே வரிதான் எழுத வேண்டும். கைதான் வரவில்லையடா.