ஐந்து கிலோ இழுப்பு

இல்லை, துவைக்கவில்லை. சோப்பு போட்டால் துணியின் மேல்பூச்சு போய்விடும், தேய்த்தால் இழை விலகும். நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டதுதானே. நாற்றத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

பையின் ஜிப்பைத் திறந்ததும் அறை முழுக்க வந்துவிட்டது. ஈரத்தோடு திணித்து, ஏறக்குறைய ஒரு வருஷம் மாடிப்படிக்கு அடியில் கிடந்த நைலான். புளித்த மாவு. நனைந்த நாய். அழுகிய புல். எனக்குக் குமட்டியது. எதிரில் உன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"அழுவாதம்மா."

அழவில்லை. வாந்தி வந்தது. விழுங்கினேன்.

இன்று காலை முதல் பஸ்ஸில் கண்ணமங்கலத்திலிருந்து வந்தார். கடையை யாரிடமோ விட்டுவிட்டு, மலைப்பாதை முழுக்க உன் விங்கை மடியில் வைத்துக்கொண்டு. பாராகிளைடர் என்று நாம் சொன்னதே இல்லை. விங். அவரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

"கண்டக்டரு மேல போடுன்னாரு. நான் போடல. மடியிலயே வச்சிக்கினு வந்தேன்."

நீ விழுந்த அன்று யாரோ அதைச் சுருட்டிப் பைக்குள் அடைத்தார்கள். சேறு, சாமைத் தாள், மழைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து. உங்கள் வீட்டில் ஒருவருக்கும் திறக்க மனசு வரவில்லை. இப்போது ஏன் கொண்டுவந்தார் என்று நீ கேட்பாய்.

"ஞாயித்துக்கெழம வருஷ நாளு வருதில்ல. பிரவீன் தம்பி அவ விங்கயே எடுத்துப் பறக்கப் போறாராம். நீ ஒரு தபா பாத்து சரின்னு எழுதிட்டா போதும்னாரு. எப்பவும் நீதானே எழுதுவ."

எப்பவும் நான்தானே எழுதுவேன்.

பிரவீனை உனக்குத் தெரியும். சனி ஞாயிறு சென்னையிலிருந்து பறக்க வருகிறவர்களில் சத்தம் அதிகமானவன். ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று தயார் செய்திருக்கிறான், படத்தை எனக்கு அனுப்பினான். ரோஸ் நிற மேகம். உன் முகம். இரண்டு பக்கமும் கோழி இறக்கை போல ஏதோ ஒட்டியிருக்கிறார்கள். கீழே, 'வானத்து தேவதை'.

ஏறுகாற்றில் பத்து சுற்று சுற்றினால் வாந்தி எடுப்பவள் நீ. இஞ்சி மிட்டாயை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டுதான் கிளம்புவாய். ஒருமுறை மொட்டைப் பாறைக்குக் கீழே நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது என் தோளில் விழுந்தது. "மழடி, மழ!" என்று மேலிருந்து கத்தினாய். தேவதையாம்.

பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதே அவன் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். உன் அண்ணன் கேட்கட்டும் என்று.

"பாஸ், பத்து நிமிஷம்தான். காலைல ஸ்மூத் காத்துல எடுத்து நேரா இறக்கிடுவேன்."

"ஒரு வருஷம் ஈரத்துல கெடந்திருக்கு."

"வெயில்ல ஒரு மணி நேரம் காயப் போடு. சரியாய்டும்."

"அது வடாம் இல்ல."

சிரித்தான். "அவ டயலாக்." பிறகு குரல் தாழ்ந்தது. "அவளே பறக்குற மாதிரி இருக்கும், பாஸ். அவங்கம்மா பாக்கணும்ல."

உன் அம்மா. நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்காரவைத்து, மகள் கீழே வந்த துணியை மறுபடி தலைக்கு மேல் விரித்துக் காட்டப் போகிறார்கள். கைதட்டலும் இருக்கும். வீடியோ இருக்கும். சோகப் பாட்டு ஒன்றைப் பின்னால் சேர்ப்பார்கள். இந்த மாதிரிப் பிரியத்தைப் பார்த்தால் பையின் நாற்றம் தேவலை என்றிருக்கிறது.

விங் வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முந்தையது மூன்று வரிசைக் கயிறு. தடிமன், மெதுவானது, நீ தப்பு செய்தாலும் தானே சமாளித்துக்கொள்ளும். இது இரண்டே வரிசை. உறை இல்லாத வெற்றுக் கயிறு, பூக்கட்டும் நூலைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். "இது மன்னிக்காதுடி," என்றாய், பெருமையாக. மன்னிக்காத ஒன்றிடம் என்ன பெருமை என்று எனக்கு அன்றே ஓர் எரிச்சல். சொல்லவில்லை.

ஆனால் பார்த்துக்கொண்டோம். அதை மறுக்க முடியாது. இறங்கியதும் நிழலுக்கு இழுத்துப் போவோம். மடிப்பதற்கு முன், துணியில் பைபையாகத் தைத்திருக்கும் ஒவ்வோர் அறைக்குள்ளும் கைவிட்டுத் துழாவுவோம். வெட்டுக்கிளி ஒன்று உள்ளே நசுங்கினால் போதும், துணியை அரித்துவிடும். விங்கின் மூக்கில் இருக்கும் பிளாஸ்டிக் குச்சிகள் வளையாதபடி விசிறி மடிப்பு. பனி பட்டிருந்தால் வீட்டுக் கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறி போட்டு, இரண்டு நாள். குழந்தை வளர்க்கிறார்கள் இரண்டு பேரும் என்று வீட்டுக்காரம்மா எதிர்வீட்டில் சொல்லிச் சிரிப்பார்.

மாதம் ஒருமுறை அளவு. கயிறு நனைந்து காய்ந்தால் சுருங்கும். பின்வரிசை சுருங்கினால் விங் எப்போதும் கொஞ்சம் பிரேக் பிடித்தபடியே இருக்கும். முன்னால் ஓடாது. ஓடாத விங் பறக்காது, கீழே இறங்கும். இதற்காகத்தான் சந்தையில் புளி நிறுக்கிற வில்தராசு ஒன்றை வாங்கினோம். கயிற்றின் ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை தராசுக் கொக்கியில். முள் ஐந்து கிலோவுக்கு வரும்வரை இழு. நிறுத்து. டேப்பைப் படி. எழுது.

விங்குக்குச் சொந்தக்காரி தராசைத் தொடக் கூடாது, நோட்டையும் தொடக் கூடாது. நம் சட்டம் அது. ஆசை இருக்கிறவள் கையில் அளவு இருக்கக் கூடாது என்று எங்கேயோ படித்ததுபோல நான்தான் சொன்னேன். உன் விங்குக்கு நான் 'சரி' எழுதுவேன். என்னுடையதற்கு நீ. எவ்வளவு நல்ல ஏற்பாடு. உன் ஆசை என்னைத் தொற்றும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று காலை கடைசியாகப் பின்வரிசை. முள் ஐந்தில். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. பக்கத்துக் கயிறு, அதுவும் இரண்டு. அந்தப் பக்கத்திலும் இரண்டு. கீழ்முடிச்சைத் தளர்த்தி, எல்லாவற்றையும் திரும்ப அளந்து, சின்னச் சரிவில் தூக்கிப் பார்க்க அரை நாள் ஆகும். ஜன்னலுக்கு வெளியே கிழக்கு மேட்டின் மேல் மேகம் வரிசை கட்ட ஆரம்பித்திருந்தது. பத்து நாளாக அப்படி ஒரு வானம் இல்லை. நீ டேப்பின் முனையைப் பிடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒன்றும் கேட்கவில்லை.

நான் இழுத்தேன். ஆறு. ஏழு. காலை ஜன்னல் சுவரில் ஊன்றிக்கொண்டு, ஒன்பது.

நீ திரும்பிப் பார்த்தாய்.

"இன்னாடி, தேரு வடமா இழுக்கிற?"

"எண்ணு வரணும்ல."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப எழுது."

சிரித்தோம். இரண்டு பேரும்தான். அந்தச் சிரிப்பு நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது. உன் மேலும் அருவருப்பு வருகிறது. செத்தவள் மேல் வரக் கூடாது என்பார்கள். வருகிறது.

மதியம் தூறல். அதிகமில்லை, முகம் நனைகிற அளவு. இறங்கிக்கொண்டிருந்தாய். கீழே கன்னியம்மாவின் சாமைக் காட்டு வரப்பில் நான். கன்னியம்மா வழக்கம்போலத் திட்டிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் எங் கொல்லையிலதான் வந்து குந்தப் போறாளா அந்தக் குட்டி?" விங் எங்களுக்கு நேர் மேலே வந்தது. நின்றது. கிழியவில்லை, மடங்கவில்லை, முழுதாக விரிந்தபடி நின்றது. பிறகு நேராகக் கீழே. ரிசர்வ் பாராசூட்டின் கைப்பிடியை நீ இழுத்தாய், பார்த்தேன். அது விரிய உயரம் இல்லை.

கன்னியம்மாதான் முதலில் ஓடினாள். சாமையை மிதித்துக்கொண்டு.

வந்தவர்கள் எல்லாரும் காற்று என்றார்கள். மலைக்குப் பின்புறம் சுழல்காற்று அடித்திருக்கும் என்று பிரவீன் தரையில் கோடு போட்டு விளக்கினான். கன்னியம்மா மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "காத்தே இல்லியே சாமி. அது நவுரவே இல்ல. நின்னுச்சு. அப்பால வுழுந்துச்சு." யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அவள் சொன்னது முழுக்க விளங்கியது. நானும் திரும்பவில்லை.

நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். மாதாமாதம், கயிறு கயிறாக, என் கையெழுத்தில். இவ்வளவு ஒழுங்காக விங் வைத்திருக்கிறவர்களை நாங்கள் பார்த்ததில்லை என்றான் ஒருவன். தலையாட்டினேன். ஒரு வருஷமாக அந்தத் தலையாட்டலோடு சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

இன்று உன் அண்ணன் முன்னால் விங்கைக் கூடத்தில் விரித்தேன். கரும்புள்ளிப் பூஞ்சை, மூக்கு முழுக்க. நாலாவது அறையில் வெட்டுக்கிளி, கால் தனியாக, உடம்பு தனியாக, சுற்றிலும் பழுப்பு வட்டம். துணியை உதட்டில் வைத்து உறிஞ்சினேன், நீ செய்வாயே அப்படி. நல்ல துணி மூச்சை விடாது. இது சல்லடை போல விட்டது. வாயில் அந்த ருசி. இதை எழுதும்போதும் இருக்கிறது.

"இதுக்கு சரி எழுத முடியாதுண்ணா."

"ஏம்மா, கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. பூஞ்சையைக் காட்டியிருந்தால் அவரே போன் போட்டு நிறுத்தியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு விங்கை எடுத்துப் பறந்திருப்பார்கள், பேனர் மாட்டியிருப்பார்கள், சுழல்காற்று சுழல்காற்றாகவே இருந்திருக்கும். அடுத்த வருஷமும் என்னிடம்தான் யாராவது எதையாவது சரிபார்க்கக் கொண்டுவந்திருப்பார்கள்.

"போன வருஷமே சரியில்லண்ணா."

"சரின்னுதானே எழுதிகீற. நான் பாத்தனே."

தராசை எடுத்துவந்தேன். பின்வரிசைக் கயிற்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, ஐந்தில் இழுத்தேன். டேப்பைப் படிக்கச் சொன்னேன், படித்தார். பிறகு காலை ஊன்றி ஒன்பது வரை இழுத்தேன். மறுபடி படிக்கச் சொன்னேன்.

இருபது வருஷமாக மளிகைக் கடையில் நிறுத்துப் போடுகிறவர். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடைய அமுக்கறவன் கூட ஊரானுக்குத்தாம்மா அமுக்குவான்," என்றார். "வூட்டு ஆளுக்கு அமுக்க மாட்டான்."

கயிறு இன்னும் என் கையில் இறுகியபடி இருந்தது. விடத் தோன்றவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். சிரிச்சா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடிப்பார் என்றுகூட. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஊற்றிவைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"கீழ போற பஸ்ஸு இன்னா நேரம்?"

"பன்னண்டே கால்."

"பைய நீயே வச்சிக்க. அம்மாகிட்ட..." வாசலில் செருப்பைத் தேடினார். இரண்டும் காலடியிலேயே இருந்தன. "அம்மாகிட்ட இன்னா சொல்றதுன்னு தெரியல." 'போய்ட்டு வர்றேன்' என்று எப்போதும் சொல்கிறவர், இன்று சொல்லவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீயும் கேட்கமாட்டாய். என்னிடம் மிஞ்சியிருப்பது சின்ன விஷயம்: ஐந்து கிலோ எவ்வளவு என்று என் கைக்குத் தராசு இல்லாமலே தெரியும். சந்தையில் பையைத் தூக்கினால், கிணற்றில் வாளியை இழுத்தால், கை தானாக ஐந்தில் நிற்கிறது. அதற்கு மேல் போகும்போது தோள்பட்டையில் ஏதோ திடுக்கிடுகிறது. அன்றும் திடுக்கிட்டது. அதை மதிக்காமல் இழுத்தேன்.

ஜன்னலைச் சாத்தவில்லை. தையல் கத்தரியை எடுத்து எல்லாக் கயிறுகளையும் துணியோடு ஒட்ட வெட்டினேன். வெட்டி முடிக்க மூன்று மணி ஆயிற்று. பிறகு நோட்டில் போன வருஷப் பக்கத்தைத் திறந்து, 'சரி'யை அடித்துவிட்டு, அன்று ஐந்து கிலோவில் பார்த்த எண்களை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தைப் படமெடுத்து பிரவீனுக்கும் இங்கே பறக்க வருகிற மற்றவர்களுக்கும் அனுப்பினேன். கை கழுவினேன். கன்னியம்மா காட்டுக்கு நடந்து போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.