ஜெயப்பிரியா படித்த அறுபத்தோரு புத்தகங்கள்

கோவில்பட்டி
அக்டோபர் 9

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. கடல் தாண்டி பெர்கனில் நீயும் உன் குடையும் சுகமாக இருக்க வேண்டும். பத்தொன்பது நாளாக மழை ஓயவில்லை என்று போனில் சலித்துக்கொண்டாய். இங்கே புரட்டாசி முடியப்போகிறது, கரிசல் இன்னும் வாய் பிளந்துதான் கிடக்கிறது. மழை இல்லாவிட்டால் விதைப்பு இல்லை, விதைப்பு இல்லாவிட்டால் நம் உரக்கடைக்கு ஆள் இல்லை, ஆள் இல்லாவிட்டால் நான் படிக்கலாம். ஆகவே வாசிப்புக்கு இது மிகச் செழிப்பான வருஷம். போன ஞாயிற்றுக்கிழமை நீ, இரண்டு வருஷமாக ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படிக்க முடியவில்லை, மனசு எதிலும் நிற்கமாட்டேன் என்கிறது, நல்லதாக நாலு சொல்லுங்கப்பா என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரிப்பா என்பாய். அந்தச் சரிப்பாவை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வருஷம் நீ அறுபத்தோரு புத்தகம் படித்திருக்கிறாய். நடந்தது இதுதான். தை மாதம் ஒருநாள் நூலகத்து நாவல் ஒன்றைக் கடை வாசலில் மூட்டைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் ஓர் ஆடு எண்பது பக்கத்தைத் தின்றுவிட்டது. எந்த விமர்சகரும் அந்த நாவலில் இவ்வளவு ஆழமாக இறங்கியதில்லை. அதே புத்தகத்தை வாங்கிக் கொடுக்கும்வரை என் அட்டை செல்லாது என்று நம் தெருக்கோடி நூலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதை வெளியிட்ட பதிப்பகமே இப்போது இல்லை. பீரோவில் உன் பள்ளிக்கூடக் காலத்து நூலக அட்டை இருந்தது. அன்றிலிருந்து எல்லாம் உன் பெயரில்தான். முதலில் எனக்குப் பிடித்ததை எடுத்தேன். ஆனால் உன் பெயரை எழுதும்போது கை கூசியது, இதை நீ எடுப்பாயா என்று யோசிக்கத் தொடங்கினேன். அப்புறம் நீ எடுப்பாய் என்று பட்டதை மட்டுமே எடுத்தேன். சுயமுன்னேற்ற நூல் ஒன்றில் மட்டும் உன்னைத் தவறாகக் கணித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அதிகாலை நாலரைக்கு எழச் சொன்னது, எழுந்தேன். அந்நேரம் முன்னேற்றமும் எழுந்திருக்கவில்லை.

நீ படித்ததில் உனக்கு மிகவும் பிடித்தவை இவை. மேகங்களைப் பற்றிய ஒரு படப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு மேகம். கடைக்கு வரும் விவசாயச் சம்சாரிகள் அதைப் பெண் போட்டோ பார்ப்பதுபோல் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்கள். ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சோலைச்சாமி ஒரு படத்தில் விரலை வைத்து, “இந்தா, இந்தப் பய மேகந்தான் அண்ணாச்சி, போன வருசம் நம்ம காட்டுக்கு மேல வந்து நின்னு, யோசிச்சுப் பாத்துட்டு சாத்தூருக்குப் போயிருச்சு” என்றார். ஆள் அடையாளம் காட்டும் சாட்சியைப்போல் அவ்வளவு உறுதி. உன் ஊரில் இதைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், படிக்கவே வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்தது, ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர் எழுதிய தன்வரலாறு. முந்நூறு பக்கத்தில் இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில்தான் தண்ணீர் வருகிறது, அதுவும் உப்பு. ஆனால் மனுஷன் எங்கேயும் அழவில்லை, அடுத்த ஊருக்கு வண்டியைக் கிளப்புகிறார். மனசு நிற்கவில்லை என்றாயே, அதற்கு இதுதான் சரி. பொறுமையாகத் தோண்டு.

மூன்றாவது, ஒரு பனி நாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு. ஊரைவிட்டு வந்த ஒரு பெண் பொழுது சாய்ந்ததும் தெருவில் நடந்து, ஒவ்வொரு வீட்டு ஜன்னல் வெளிச்சமாகப் பார்த்து, இதில் எது நம் வீட்டு மஞ்சள் என்று தேடுகிறாள். அவ்வளவுதான் கதை. மொழிபெயர்த்தவர் நூற்று நாற்பதாம் பக்கத்தில் களைத்துவிட்டார், அதன்பின் பாதிரியாரும் மீன்காரரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இருந்தாலும் படி. அதைப் படித்த மத்தியானம் கடையில் வேப்பம்புண்ணாக்கு வாசமும் நானும் மட்டும் இருந்தோம். தூரத்தில் காற்றாலைகள் யாருக்கோ கடமைப்பட்டதுபோல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. கண் எப்போது செருகியது என்று தெரியாது. கரிசல் வெடிப்புகளுக்குள் உன் ஊர் மழை இறங்கும் சத்தம் கேட்டது. நீ குடை பிடித்துக்கொண்டு நம் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்தபடி போனாய். நான் கூப்பிட்டேன், காற்று எதிர்த்திசையில் அடித்தது. விழித்தபோது நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் என் கண்ணாடி கிடந்தது. பாதிரியார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். நவம்பர் பதினாறாம் தேதி நூலக வார விழாவில் இந்த வருஷத்தின் சிறந்த வாசகர் பரிசு உனக்குத்தான். அழைப்பிதழில் உன் பெயர் அச்சாகிவிட்டது. நூலகர் ரேணுகாதேவி இங்கே மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, நல்ல பெண். உங்கள் மகளை ஒருநாள்கூடப் பார்க்கவில்லையே என்று அவ்வப்போது கேட்பாள். வேலை அதிகம் என்பேன், அது உண்மைதானே. அழைப்பிதழைப் பார்த்ததும் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் தலைகூட நிமிரவில்லை. “தெரியும் அண்ணாச்சி, இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாது? ஆனா படிச்சது அவியதான்னு ரெஜிஸ்டர் சொல்லுதே, நான் என்ன செய்ய? பரிசை அவியளே நேர்ல வந்து வாங்கணும். விதி அப்படி” என்றாள். வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் மாடி அறை மெத்தை மொட்டைமாடி வெயிலில் கிடக்கிறது. எதற்கு என்று கேட்டேன். “அவ வாராளோ வரலையோ, மெத்தைக்கு வெயில் வேணும்லா” என்கிறாள். முழங்கால் வலியோடு தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். நீ வந்துபோய் மூன்று வருஷம் இருக்கும் என்பது அவள் கணக்கு. எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. வரும் பதினேழாம் தேதியோடு மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகும்.

மூன்று புத்தகங்களையும் புத்தகக் கடையில் விலைக்கு வாங்கி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஈரம் படாத இடத்தில் வை. அப்படி ஓர் இடம் உன் ஊரில் இருந்தால். ராத்திரி போனை எடுக்காமல் பத்துப் பக்கம் படி, தூக்கம் நன்றாக வரும். தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. நீ திறக்கும் பக்கமெல்லாம் உன் மனசு நின்று நடக்கட்டும், நீ நடக்கும் தெருவில் ஒரு ஜன்னலாவது மஞ்சளாக எரியட்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம்.

ஒன்று மறந்துவிட்டேன். நாலு கேட்டாய், மூன்றுதான் சொல்லியிருக்கிறேன். நான்காவது, நூலக விதிகள் என்ற சிறு கையேடு. அதையும் போன வாரம் உன் பெயரில்தான் எடுத்தேன், முதல் பக்கம் தொடங்கிக் கடைசி வரி வரை இரண்டு தடவை படித்துவிட்டேன். பரிசை நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. இதை நான் ரேணுகாதேவியிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. மெத்தை இன்னும் வெயிலில்தான் கிடக்கிறது.

உன் அப்பா,
தங்கசாமி