உள்ளங்கால் பார்க்கும் வியாழன்

பீர்க்கன்கரணை
13.2.2025

அன்புள்ள அமீருதீன் பாய்,

நலம்தானே? போனில் பேசினால் என் காது மெஷின் கீச்சென்று கத்துகிறது. அதனால்தான் பழையபடி கடிதம். என் மனைவி அபிதகுஜாம்பாளே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

நீங்கள் மகள் வீட்டோடு கேளம்பாக்கம் போய் மூன்று வாரம். இன்று ஏரிக்கரைப் பூங்காவில் நம் சர்க்கரைக் கூட்டம். எல்லாரும் விரலைக் குத்தி அளவு சொன்னோம். ஸ்ரீரங்கன் ஜாங்கிரி தின்றதை மறைத்து, 280 காட்டி மாட்டிக்கொண்டார். பிறகு ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் உள்ளங்காலை ஒருவர் பார்க்கும் வேலை. "உங்களுக்கெல்லாம் முள்ளு குத்தினாகூடத் தெரியாது, இன்னொருத்தர்தான் பாத்துச் சொல்லணும்" என்று நர்ஸ் தமிழினி அதே பல்லவியைப் பாடினாள்.

வெள்ளம் வந்த மறு வருடம் கூட்டம் ஆரம்பித்த முதல் நாள் நினைவிருக்கிறதா? உங்கள் காலை எடுத்து என் மடியில் வைத்ததும் பதறிப்போனீர்கள். "வயசுல மூத்தவர் சார் நீங்க, என் காலைத் தொடலாமா?" முப்பது வருடம் தாம்பரத்தில் செருப்புக் கடை வைத்து ஊரார் காலையெல்லாம் பிடித்த மனிதருக்கு அவ்வளவு கூச்சம்! அந்தக் கூச்சம் விலக இரண்டு மாதம் ஆனது. அந்த வியாழக்கிழமைகள் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கின்றன.

எனக்குப் புது ஜோடி சம்பத், மின்வாரியத்தில் இருந்தவர். உங்கள் காலை இப்போது யார் பார்க்கிறார்கள்? உடனே எழுதுங்கள்.

அன்புடன்
பத்ரிநாராயணன்


கேளம்பாக்கம்
24.2.2025

மரியாதைக்குரிய பத்ரி சாருக்கு,

அமீருதீனின் ஸலாம். உங்கள் கடிதத்தை ஜெய்னப் லிஃப்டிலேயே பிரித்துப் படித்துவிட்டாள். "அப்போ மூணு வாரமா யாருமே பாக்கலையா அத்தா?" என்று ஒரே சண்டை. மகளிடம் காலை நீட்ட எனக்கு என்னவோ போல் இருக்கிறது சார். நல்லா இருக்கிறது என்று மழுப்பினேன்.

ஒன்பதாவது மாடி. காற்று நன்றாக வருகிறது, பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை. முடிச்சூர் ரோட்டில் நாம் சர்க்கரை இல்லாத டீ குடித்துவிட்டு, பக்கத்து டேபிள் பஜ்ஜியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோமே, அதற்கு ஏங்குகிறேன்.

போன வாரம் காலில் கட்டோடு ஒருவரைப் பார்த்தேன். பொன்னுசாமி, பஸ் டிரைவராக இருந்தவர். அவரை விசாரித்ததில் இங்கேயும் ஏழு பேர் தேறினோம். கிளப் ஹவுஸில் போன வியாழனிலிருந்து நம் கூட்டம் மாதிரியே நடத்துகிறோம். பொன்னுசாமிதான் என் ஜோடி. நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள்
அமீருதீன்


பீர்க்கன்கரணை
6.3.2025

அன்புள்ள பாய்,

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பொன்னுசாமி கொடுத்துவைத்தவர். உங்கள் வலது குதிகாலில் பனிக்காலத்தில் வெடிப்பு வரும், வேஸ்லின் போடச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போட மாட்டீர்கள். அவரிடம் சொல்லிவையுங்கள். ஒன்பது வருடம் பார்த்தவன் சொல்கிறேன்.

இங்கே சம்பத் வாராவாரம் பார்க்கிறார். என் கால் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். கவலை வேண்டாம்.

பத்ரிநாராயணன்


கேளம்பாக்கம்
22.3.2025

பத்ரி சாருக்கு,

எனக்குக் கோபம் வந்தால் எப்படி எழுதுவேன் என்று தெரியாது, இதுதான் முதல் தடவை.

நேற்று சம்பத் போன் செய்தார். "அவரு ரெண்டு தடவைதான் வந்தாரு பாய். அதுலயும் சாக்ஸைக் கழட்டவே இல்ல. பாய் வந்தா காட்டறேன்னுட்டுப் போயிட்டாரு" என்றார். படுத்தால் தூக்கம் வரவில்லை. பளிங்கு மாதிரி இருக்கிறது என்று எனக்கு எழுதினீர்களே சார்! ஒன்பது வருடத்தில் என்னிடம் சொன்ன முதல் பொய், அதையும் காலைப் பற்றியா சொல்வது?

பெருநாள் முடிந்த மறுநாள் பஸ் ஏறி வருகிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அபிதா அம்மாவிடமாவது காலைக் காட்டுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

அமீருதீன்


தாம்பரம், ஆஸ்பத்திரி
29.3.2025

அன்புள்ள பாய்,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாளே நான் இங்கே சேர்ந்தாயிற்று. செருப்புக்குள் ஒரு கல் சில்லு இருந்திருக்கிறது. எத்தனை நாளாக அதோடு நடந்தேனோ தெரியாது. வலியே இல்லை. வாடை வருகிறது என்று அபிதாதான் சாக்ஸை இழுத்துப் பார்த்தாள். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இனிப் பரவாது என்கிறார் டாக்டர்.

பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். சம்பத் மடியில் காலை வைத்தால், நீங்கள் இனி வரவே மாட்டீர்கள் என்று ஆகிவிடும் போல இருந்தது. எழுபத்தாறு வயதில் சின்னப்பிள்ளைத்தனம்தான். பொன்னுசாமி பெயரைப் படித்ததும் பொறாமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று சம்பத் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். நானே வலது காலை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்து, உங்களைவிட நிதானமாகப் பார்த்தார்.

நல்லபடியாகப் பெருநாள் கொண்டாடிவிட்டு வாருங்கள். வந்ததும் கட்டைப் பார்த்து அழக் கூடாது. இனி என் காலைச் சம்பத் பார்த்துக்கொள்வார். நீங்கள் தலைமாட்டுப் பக்கம் வந்து உட்காருங்கள் பாய், உங்கள் முகத்தைப் பார்த்து இரண்டு மாதம் ஆயிற்று.

உங்கள்
பத்ரி